முன்பல் க்ரவுன் இயல்பாகத் தெரிய வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் லேபில் செராமிக் வேலை செய்பவன் நான். பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவையும் போட்டோக்களையும் வைத்து க்ரவுன் செய்து கொடுப்பது என் தொழில். முன்பல் க்ரவுன் போட்டுக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் பார்ப்பதே இல்லை. ஷேட், அதாவது பல்லின் நிறச் சாயல், பார்க்க லேபுக்கு நேரில் வரும் சிலர் மட்டும் மனதில் உள்ளதையெல்லாம் கேட்டுவிடுவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் உங்கள் மருத்துவரும்தான். எது இயல்பாகத் தெரியும், எது தெரியாது, ஏன் என்பதை லேப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கேப், க்ரவுன், பல் உறை எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். பல்லைச் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி, அதன் மேல் பல் வடிவத்தில் செய்த உறையை மாட்டி ஒட்டுவது. முகப்பில் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு வேறு, அதற்கு வெனீர் என்று பெயர்.

என் முன்பல்லுக்கு க்ரவுன் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. 2002-ல் எடெல்ஹாஃப், சோரன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பல்லை ராவும்போது எவ்வளவு போகிறது என்பதை எடை போட்டுப் பார்த்தார்கள். முழு க்ரவுனுக்கு, பல்லின் மேல்பகுதியில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது. வெனீருக்கு, அதன் வகையைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம். ராவி எடுத்த எனாமல் திரும்ப வளராது.

ஓரம் லேசாக உடைந்த பல்லுக்குக் காம்போசிட் (பல் நிறத்தில் வரும் பிசின்) ஃபில்லிங் வைத்துச் சரிசெய்யலாம். நிறம்தான் பிரச்சினை என்றால் முதலில் ப்ளீச்சிங். பல் கோணலாக இருக்கிறது, ஆனால் ஆரோக்கியமாக இருக்கிறது என்றால் க்ளிப் போட்டு நேராக்குவதுதான் நியாயம். அதை ராவி க்ரவுனால் நேராக்கிக் காட்டுவது சீக்கிரம் முடியும் வேலை, ஆனால் அதற்கு நல்ல பல்லைக் கொடுக்கிறோம். நல்ல முன்பற்கள் ஆறையும் எட்டையும் ராவி, வெறும் அழகுக்காக வரும் அளவுகளைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டப்படும். அந்தப் பற்களுக்கு இனி ஆயுள் முழுக்க க்ரவுன் வேண்டும். ஒன்று பழுதானால் இன்னொன்று செய்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பல்லில் பாதிக்கு மேல் உடைந்துவிட்டது, பழைய அடைப்புகளே பல்லைவிட அதிகமாக இருக்கின்றன, ரூட் கெனாலுக்குப் பிறகு பல்லின் சுவர் மெலிந்துவிட்டது, ஏற்கெனவே போட்ட க்ரவுனை மாற்ற வேண்டும் என்ற நிலைகளில் க்ரவுன் சரியான முடிவு. ரூட் கெனால் செய்த முன்பல் என்றாலே க்ரவுன் கட்டாயம் என்பதும் இல்லை. பல் பெருமளவு முழுதாக இருந்தால் பின்பக்கத் துளையை அடைத்துவிட்டு அப்படியே விடலாம். “வேறு வழி இருக்கிறதா?” என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

சிலரைப் பார்த்ததுமே “பல் கட்டியிருக்கிறார்” என்று தெரிந்துவிடுகிறதே, ஏன்?

எல்லோரும் நிறத்தைக் குற்றம் சொல்வார்கள். என் அனுபவத்தில் நிறம் அரை ஷேட் தள்ளியிருந்தாலும் மற்றவை சரியாக இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. காட்டிக்கொடுப்பவை வேறு.

முதலாவது வேல்யூ, அதாவது பல் எவ்வளவு வெளிச்சமாக அல்லது மங்கலாகத் தெரிகிறது என்பது. பக்கத்துப் பல்லைவிட க்ரவுன் வெளிச்சமாக இருந்தால் முன்னால் துருத்திக்கொண்டு நிற்பது போலத் தோன்றும். மங்கலாக இருந்தால் உள்ளே போனது போலவும் உயிரில்லாதது போலவும் இருக்கும். மஞ்சளா சிவப்பா என்ற வித்தியாசத்தைவிடக் கண் இதைத்தான் முதலில் பிடிக்கும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், வேல்யூ தப்பிய க்ரவுன் தனியாகத் தெரியும்.

அடுத்தது ஒளி ஊடுருவுவது. முன்பல்லின் வெட்டும் ஓரத்தில் எனாமல் மட்டும் இருக்கும் ஒரு மெல்லிய பட்டை உண்டு. வெளிச்சம் பட்டால் அது லேசான நீலச் சாம்பல் நிறத்தில் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் அதே இடம் தேன் நிறமாகத் தெரியும். அந்தப் பட்டைக்குப் பின்னால் டென்டின், அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு, நேர்கோடாக முடியாமல் மூன்று விரல்நுனி மாதிரி மேடு பள்ளமாக முடியும். உச்சியில் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு ஓடும். இதெல்லாம் இல்லாமல் அடியிலிருந்து நுனி வரை ஒரே நிறத்தில் க்ரவுன் இருந்தால், எந்த ஷேட்டில் செய்தாலும் அது பொம்மைப் பல்தான்.

மூன்றாவது மேற்பரப்பு. இயற்கையான பல் வழவழவென்று இருக்காது. இளம் வயதுப் பல்லில் குறுக்காக மெல்லிய வரிகளும் நெடுக்காக ஆழமில்லாத பள்ளங்களும் இருக்கும். வயதாக ஆகத் தேய்ந்து வழவழப்பாகும். 50 வயதுக்காரருக்கு 20 வயதுப் பல்லின் வரிகளைச் செதுக்கினாலும், 20 வயதுக்காரருக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பைக் கொடுத்தாலும் பொருந்தாது.

வடிவத்தைப் பற்றித் தனியாகவே பேசலாம். மேல்வரிசை நடுப்பல்லின் அகலம், நீளத்தில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். அதைவிட அகலமானால் சதுரக் கட்டி மாதிரி ஆகிவிடும். நுனியில் பல்லுக்குப் பல் இடையில் இருக்கும் சின்ன முக்கோண இடைவெளிகள் நடுவிலிருந்து கோரைப்பல் பக்கம் போகப் போகப் பெரிதாக வேண்டும். இவை அடைபட்டால் பற்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும். கோரைப்பல் நடுப்பற்களைவிட இயல்பாகவே சற்று அடர்ந்த நிறத்தில் இருக்கும். ஆறு பல்லுக்கும் ஒரே ஷேட் கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கடைசியாக ஈறு. க்ரவுன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுற்றியுள்ள ஈறு சிவந்து வீங்கியிருந்தால் அது செயற்கை என்று ஊருக்கே தெரியும்.

எந்தப் பொருளில் செய்தால் நன்றாக இருக்கும்? ஜிர்கோனியாதான் சிறந்தது என்கிறார்களே?

“சிறந்த பொருள்” என்று பொதுவாக ஒன்று கிடையாது. உள்ளே இருக்கும் பல்லின் நிறம், கடி எவ்வளவு பலமானது, ராவியதில் எவ்வளவு இடம் கிடைத்தது, இந்த மூன்றும்தான் பொருளை முடிவு செய்யும்.

பழைய முறை, உள்ளே உலோகமும் மேலே செராமிக்கும். பிஎஃப்எம் என்பார்கள். 1962-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று உலகம் முழுக்கப் பரவியது. உறுதிக்குக் குறையில்லை. ஆனால் உலோகத்தின் கறுப்பை மறைக்க ஒளி புகாத ஒரு பூச்சு கொடுத்தாக வேண்டும், வெளிச்சம் அதோடு நின்றுவிடும். கெட்டிக்காரக் கை இருந்தால் நன்றாகச் செய்யலாம், ஆனால் முன்பல்லில் அது கயிற்றின் மேல் நடக்கும் வேலை.

ஜிர்கோனியா என்பது மிக உறுதியான ஒரு செராமிக். அதில் பல வகை உண்டு. பழைய வகை ஆயிரம் மெகாபாஸ்கலுக்கு (உறுதியை அளக்கும் அலகு) மேல் வளைவுத் தாங்குதிறன் கொண்டது, ஆனால் சுண்ணாம்பு வெள்ளை. அதில் கலக்கும் யிட்ரியா என்ற ஆக்சைடின் அளவைக் கூட்டினால் ஒளி அதிகம் ஊடுருவும், உறுதி குறையும். கடையில் துணி எடுப்பது போல “ஜிர்கோனியா கொடுங்கள்” என்று கேட்டால் போதாது. எந்த வகை, மேலே செராமிக் அடுக்கு உண்டா, அல்லது முழுவதும் ஒரே கட்டியா என்று கேட்க வேண்டும்.

லித்தியம் டைசிலிகேட் என்பது கண்ணாடி வகை செராமிக். ஈ.மேக்ஸ் என்ற பெயரில் அதிகம் அறியப்படுவது. உறுதி 400 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும், ஜிர்கோனியாவைவிடக் குறைவு. ஆனால் பல்லோடு ரெசின் சிமெண்டால் (பிசின் வகை ஒட்டுப்பொருள்) நன்றாகப் பிணைத்து ஒட்டலாம், ஒளி ஊடுருவுவதும் பல்லுக்கு நெருக்கமாக இருக்கும். இயந்திரத்தில் செதுக்கும் கட்டிகள் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் வரும். உலையில் 850 டிகிரி அளவில் சுட்ட பிறகுதான் பல் நிறத்துக்கு மாறும். முதல்முறை பார்ப்பவர்கள் நீலப் பல்லைக் கண்டு பயந்துபோவார்கள்.

நான் எப்படிச் சொல்வேன் என்றால்: உள்ளே பல் நல்ல நிறத்தில் இருந்தால் லித்தியம் டைசிலிகேட்டில் உடலைச் செய்து, நுனியிலும் முகப்பிலும் கொஞ்சம் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் கையால் செராமிக் அடுக்கி முடிப்பது. உள்ளே பல் கறுத்திருந்தாலோ உலோக போஸ்ட் (வேருக்குள் வைக்கும் கம்பி) இருந்தாலோ, மறைக்கக்கூடிய ஜிர்கோனியா உள்ளுறையும் அதன் மேல் செராமிக் அடுக்கும்.

கையால் அடுக்குவது என்கிறீர்களே, அது என்ன?

செராமிக் பவுடரை நீர்மத்தில் குழைத்துப் பிரஷ் நுனியில் எடுத்து வைப்போம். கழுத்துப் பக்கம் அடர்ந்த நிறப் பவுடர், நடுவில் டென்டின் பவுடர், நுனியில் அந்த விரல்நுனி மேடுகள், அவற்றுக்கு இடையில் லேசான நீலம், கடைசியில் எல்லாவற்றின் மேலும் எனாமல் பவுடர். ஈரமாக இருக்கும்போது எல்லாமே ஒன்றுபோலத் தெரியும், எந்த நிறம் எங்கே இருக்கிறது என்பதை மனக்கணக்கில்தான் வைத்திருக்க வேண்டும். உலையில் சுருங்கும் என்பதால் தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டிச் சுடுவோம். வெளியே வந்ததும் பென்சிலால் பல்லின் ஓர மடிப்புகளைக் கோடு போட்டு, அந்தக் கோடு பக்கத்துப் பல்லின் கோட்டோடு ஒத்துப்போகும் வரை வைரக் கல்லால் இழைப்போம். அகலமான பல்லையும் இந்தக் கோடுகளை உள்ளே தள்ளி ஒடுங்கியதாகக் காட்ட முடியும். அப்புறம் வரிகள், பிறகு கிளேஸ் என்ற பளபளப்பான மேல்பூச்சு, பிறகு ரப்பரால் கையாலேயே பளபளப்பைக் கூட்டுவதும் குறைப்பதும்.

இதற்கு நேரம் பிடிக்கும். முன்பல் க்ரவுனுக்கு லேபுக்கு லேப் கூலி மாறுவதற்குப் பொருளைவிட இந்த நேரம்தான் காரணம்.

ஷேட் எடுப்பது எப்படி இருக்க வேண்டும்?

நாற்காலியில் உட்கார்ந்தவுடன், ஊசி போடும் முன், பல்லைத் தொடும் முன் எடுக்க வேண்டும். குளித்த முடியும் காய்ந்த முடியும் வேறு நிறமாகத் தெரிவது போல, ஈரப் பல்லும் காய்ந்த பல்லும் வேறு வேறாகத் தெரியும். வாயைத் திறந்தபடி சிறிது நேரம் இருந்தாலே பல் உலர்ந்து வெளுத்துவிடும், பழையபடி ஆகச் சில மணி நேரம்கூட ஆகலாம். ராவி முடித்த பிறகு எடுத்த ஷேட்டை நம்பிச் செய்தால் க்ரவுன் வெளுப்பாகத்தான் வரும். “ஷேட் எப்போது பார்ப்பீர்கள்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

லிப்ஸ்டிக் வேண்டாம். பளீர் நிற உடையும் வேண்டாம், போட்டு வந்திருந்தால் மேலே சாம்பல் நிறத் துணி போர்த்தச் சொல்லுங்கள். வெளிச்சம் பகல் வெளிச்சமாகவோ, 5500 கெல்வின் அளவில் உள்ள விளக்காகவோ இருக்க வேண்டும். நாற்காலியின் மேலிருக்கும் பெரிய விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒரு விளக்கில் பொருந்தும் நிறம் வேறொரு விளக்கில் பொருந்தாமல் போகும் என்பதால், இரண்டு விதமான வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.

அதிகம் பயன்படும் ஷேட் மாதிரித் துண்டுகளின் வரிசை வீட்டா கிளாசிக்கல். அதில் 16 ஷேட்: ஏ வரிசை சிவப்புக் கலந்த பழுப்பு, பி சிவப்புக் கலந்த மஞ்சள், சி சாம்பல், டி சிவப்புக் கலந்த சாம்பல். லேப் சீட்டில் “ஏ2” என்று மட்டும் எழுதி வந்தால் அது எனக்கு வீட்டு முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதியது போல. ஒரு பல்லிலேயே கழுத்து, நடு, நுனி மூன்றும் மூன்று நிறம். எனக்கு உண்மையில் வேண்டியது போட்டோ. ஷேட் துண்டை, ஒப்பிடும் பல்லின் நுனியோடு நுனி சேர்த்து, அதே தளத்தில் பிடித்து, துண்டின் எழுத்து தெரியும்படி எடுத்தது. ஒரு துண்டு மட்டும் போதாது, பக்கத்து ஷேட் துண்டையும் வைத்து இன்னொன்று. பளபளப்பை நீக்கும் போலரைஸிங் ஃபில்டரோடு எடுத்தது ஒன்று இருந்தால் உள்நிறங்கள் அப்படியே தெரியும். ராவிய பல்லின் நிறத்துக்கும் ஒரு போட்டோ கட்டாயம், ஏனென்றால் ஒளி ஊடுருவும் செராமிக்கில் அந்த நிறம் வெளியே தெரியும்.

முடிந்தால் நேரில் லேபுக்குப் போங்கள். பல் நிறத்தைச் செய்யப் போகிறவர் தன் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு இல்லை.

மற்ற பற்களையும் கொஞ்சம் வெள்ளையாக்க ஆசை. க்ரவுனுக்கு முன்பா, பின்பா?

முன்பு. செராமிக் ப்ளீச்சுக்கு நிறம் மாறாது. முதலில் ப்ளீச்சிங் முடித்து, ஏறக்குறைய 2 வாரம் விட்டு, நிறம் நிலைத்த பிறகு ஷேட் எடுக்க வேண்டும். ப்ளீச் செய்த உடனே ரெசின் சிமெண்டின் பிடிப்பும் குறைவாக இருக்கும் என்பது காத்திருக்க இன்னொரு காரணம்.

ஒரே ஒரு பல்தானே, அது எளிதான வேலைதானே?

இல்லை. நடுப்பல் ஒன்றே ஒன்றுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை. இரண்டு நடுப்பல்லும் சேர்ந்து செய்தால் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். ஒன்று மட்டும் என்றால் பக்கத்தில் இயற்கை செய்த பல் ஒட்டினாற்போல் நிற்கிறது, அதில் உள்ள வெள்ளைப் புள்ளி, வெடிப்புக் கோடு, கழுத்துக் கறை எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். முதல் முறையிலேயே பொருந்தாமல் திரும்பச் செய்வது சாதாரணமாக நடப்பது. இரண்டாவது முறை செய்ய மருத்துவர் முன்வந்தால் அதை அவருடைய அக்கறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருத்துவது எளிதாகும் என்பதற்காக நல்ல பக்கத்துப் பல்லையும் ராவலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம்.

ரூட் கெனால் செய்த பல் கறுத்துவிட்டது. க்ரவுன் போட்டால் மறைந்துவிடுமா?

தெரியும் பகுதி மறையும். ஆனால் வேர் கறுத்திருந்தால் மெல்லிய ஈறு வழியாக அந்த நிழல் கழுத்தில் தெரியலாம், க்ரவுனால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் பல்லுக்குள்ளேயே மருந்து வைத்து வெளுக்கும் உள் ப்ளீச்சிங்கைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சில சமயம் அதோடு நிறம் திரும்பி, க்ரவுனே வேண்டாம் என்று ஆகிவிடும். போஸ்ட் வைக்க வேண்டியிருந்தால் உலோகத்துக்குப் பதில் வெள்ளை ஃபைபர் போஸ்ட் பொருந்துமா என்றும் கேட்கலாம்.

பழைய க்ரவுனுக்கு மேலே ஈறில் கறுப்புக் கோடு வந்துவிட்டது. இது என்ன?

உலோக உள்ளுறையின் ஓரம். போட்டபோது ஈறுக்குள் மறைந்திருந்தது, ஈறு சற்று விலகியதும் வெளியே தெரிகிறது. பல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்த ஓரத்தில் சொத்தை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முழு செராமிக் க்ரவுனாக மாற்றினால் உலோகக் கோடு போய்விடும். வேர் கறுத்திருந்தால் அதன் நிழல் மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம்.

க்ரவுன் போட்ட பிறகு ஈறு சிவந்தே இருக்கிறது. பற்களுக்கு இடையில் கறுப்பு ஓட்டையும் தெரிகிறது.

இரண்டும் வேறு வேறு.

சிவப்புக்கு முதல் காரணம் அழுக்கு தங்குவது. ஓரம் சரியாகப் பொருந்தவில்லை, சிமெண்ட் துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது, க்ரவுன் கழுத்தில் தடித்துவிட்டது, இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். இன்னொரு காரணம் ஓரத்தை ஈறுக்குள் அதிக ஆழம் இறக்குவது. எலும்புக்கு மேலே ஈறு பல்லோடு ஒட்டியிருக்க ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடம் உடலுக்கு வேண்டும். அந்த இடத்தில் க்ரவுன் ஓரம் புகுந்தால் ஈறு ஓயாமல் வீங்கும். அதனால் முன்பல்லில் ஓரத்தை மறைப்பதற்கு அரை மில்லிமீட்டர் உள்ளே போனால் போதும் என்பார்கள். சிகிச்சைக்கு முன்பே ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். ரத்தம் கசியும் ஈறில் எடுத்த அளவில் ஓரமே தெளிவாகத் தெரியாது, தெரியாத ஓரத்துக்கு நான் க்ரவுன் பொருத்த முடியாது.

கறுப்பு ஓட்டை என்பது ஈறின் முக்கோண நுனி இடைவெளியை நிரப்பாதது. 1992-ல் டார்னோ என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை அளந்தார்கள். இரண்டு பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்பு வரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஈறு நிரம்பியிருந்தது. 6 மில்லிமீட்டரில் 56 சதவீதம், 7-ல் 27 சதவீதம். இதை நாங்கள் பயன்படுத்திக்கொள்வோம்: பற்கள் தொடும் இடத்தைக் கொஞ்சம் ஈறுப் பக்கம் நீட்டினால் தூரம் குறையும், காலப்போக்கில் ஈறு நிரம்ப வாய்ப்பு கூடும். அதிகம் நீட்டினால் பல் சதுரமாகிவிடும். எலும்பு நிறையக் குறைந்தவர்களுக்கு ஓட்டை முழுக்க மூடாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

டெம்பரரி க்ரவுன் எதற்கு? சில வாரம்தானே, எப்படி இருந்தால் என்ன?

அந்தச் சில வாரம்தான் ஒத்திகை. பல் எவ்வளவு நீளம், நுனி எங்கே முடிகிறது, உதட்டோடு எப்படி நிற்கிறது என்பதையெல்லாம் டெம்பரரியில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். செராமிக்கில் மாற்றுவது பெரும்பாடு. நல்ல மருத்துவர்கள் முதலில் மெழுகில் வடிவம் செய்யச் சொல்லி, அதிலிருந்து டெம்பரரி எடுத்து, நீங்கள் “சரி” என்ற பிறகு அந்த டெம்பரரியையே அளவெடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அப்படி வரும் வேலையில் ஊகமே இல்லை.

கண்ணாடி முன் நின்று “வா, வீடு, வேலை” என்று சொல்லிப் பாருங்கள். மேல்பல்லின் நுனி கீழுதட்டின் ஈரமும் காய்ந்த பகுதியும் சேரும் இடத்தை லேசாகத் தொட்டுவிட்டு வர வேண்டும். உதட்டில் குத்தினால் நீளம் அதிகம், அல்லது பல் முன்னால் தள்ளியிருக்கிறது. “ஸ” ஒலியில் விசில் வந்தாலோ பல் தட்டினாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளில் நாக்கு பழகிவிடும், பழகிய பிறகும் இருந்தால் சொல்லுங்கள். பல் கெடுவதற்கு முன்னால் எடுத்த, நன்றாகச் சிரிக்கும் பழைய போட்டோ இருந்தால் தேடிக் கொடுங்கள். அதைப் போல உதவும் ஆவணம் வேறில்லை.

க்ரவுன் வந்துவிட்டது. ஒட்டுவதற்கு முன் நான் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், ஒட்டாமல் மாட்டிப் பார்க்கும் ட்ரை-இன் நிச்சயம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒட்டிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வெறுமனே மாட்டினால் உள்ளே காற்று இருப்பதால் நிறம் வேறாகத் தெரியும். சிமெண்டின் நிறத்திலேயே கிடைக்கும் ட்ரை-இன் பேஸ்ட்டையோ, கிளிசரினையோ உள்ளே வைத்து மாட்டுவார்கள். அந்த நேரத்துக்குள் பக்கத்துப் பற்கள் உலர்ந்து வெளுத்திருக்கும் என்பதால் நாற்காலியில் இருந்தபடி முடிவு சொல்லாதீர்கள். வாயை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போங்கள். கைக்கண்ணாடியில் ஓர் அங்குலத்தில் பார்ப்பதைவிட, யாராவது உங்களோடு பேசும் தூரத்திலிருந்து தெரிவதுதான் முக்கியம். மொபைலில் பேசிச் சிரித்து வீடியோ எடுத்துப் பாருங்கள். உங்களைத் தினமும் பார்க்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், அவர் கண்ணில் படுவது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

பிடிக்கவில்லை என்றால் “நன்றாக இல்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இடது பல்லைவிட இது வெளிச்சமாக இருக்கிறது”, “நுனியின் மூலை கூராக இருக்கிறது”, “பக்கத்துப் பல்லில் இருக்கும் பள்ளம் இதில் இல்லை” என்று சொன்னால் எனக்கு வேலை தெரிகிறது. வடிவம், வரிகள், பளபளப்பு இவற்றை அன்றே மாற்ற முடியும். லேசான நிறத் திருத்தத்தை மேல்பூச்சில் கொண்டுவரலாம், ஆனால் மேல்பூச்சால் அடர்த்தியைக் கூட்டத்தான் முடியும், வெளுக்க முடியாது. ரொம்ப வெளுப்பாக வந்ததைக் கொஞ்சம் இறக்கலாம். மங்கலாக வந்ததைத் திரும்பச் செய்வதுதான் வழி.

இயந்திரத்தில் அன்றைக்கே செதுக்கி அன்றைக்கே ஒட்டும் க்ரவுன்களிலும் இந்தக் கண்டிப்பு வேண்டும். நுனிக்கும் கழுத்துக்கும் நிறம் மாறும் அடுக்குக் கட்டிகள் இப்போது வருகின்றன, பல பேருக்கு நன்றாகவே பொருந்தும். நடுப்பல் ஒன்றை மட்டும் பொருத்த வேண்டும் என்றால் கை வேலையையே நான் சொல்வேன்.

வலிக்குமா?

ராவும்போது மரத்துப்போகச் செய்வதால் வலிக்காது. பிறகு சில நாள் கூச்சம் இருக்கலாம். உயிருள்ள பல்லை ராவும்போது உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னால் ரூட் கெனால் தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. கூச்சம் குறையாமல் தானாக வலிக்க ஆரம்பித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்கு 14 வயது, விழுந்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. க்ரவுன் போடலாமா?

பொதுவாக இப்போது வேண்டாம் என்பார்கள். இந்த வயதில் பல்லின் உள்ளே நரம்பறை பெரிது, ராவினால் ஆபத்து அதிகம். ஈறும் இன்னும் மேலேறும் என்பதால் இன்று மறைந்த ஓரம் நாளை வெளியே வரும். உடைந்த துண்டு கிடைத்தால் அதைக் காயாமல் தண்ணீரில் போட்டு உடனே எடுத்துப்போங்கள், பல சமயம் அதையே ஒட்டிவிடலாம். இல்லையென்றால் காம்போசிட்டில் கட்டி வளர்ச்சி முடியும்வரை ஓட்டலாம்.

எத்தனை வருடம் வரும்? எப்படிப் பார்த்துக்கொள்வது?

முழு செராமிக் ஒற்றைக் க்ரவுன்கள் 5 ஆண்டு முடிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நல்லபடியாக இருப்பதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. அதைத் தாண்டிப் பல ஆண்டு வருபவையும் நிறைய. க்ரவுனுக்குச் சொத்தை வராது, அதன் ஓரத்தில் உள்ள பல்லுக்கு வரும். அதனால் அந்த ஓரத்தில் பிரஷும், இடையில் ஃப்ளாஸும் தினமும் போக வேண்டும். கரித்தூள் பேஸ்ட் போன்ற சொரசொரப்பானவை பளபளப்பைத் தேய்த்துவிடும். அமிலத்தன்மை உள்ள ஃப்ளோரைடு ஜெல் செராமிக்கின் மேற்பரப்பை அரிக்கும், க்ளினிக்கில் ஃப்ளோரைடு வைக்கும்போது க்ரவுன் இருப்பதைச் சொல்லி, அமிலமில்லாத வகை கேளுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பவர் என்றால் இரவில் பல்லில் போடும் காப்பு உறை (நைட் கார்டு) தவிர்க்கக் கூடாதது. முன்பல்லால் நூல் கடிப்பது, மூடி திறப்பது, நகம் கடிப்பது வேண்டாம்.

ஒட்டியாகிவிட்டது. இப்போது பார்த்தால் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஓரிரு வாரம் பொறுத்துப் பாருங்கள். உலர்ந்த பற்கள் நிறம் திரும்பும், ஈறு ஆறும், உங்கள் கண்ணும் பழகும். அதற்குப் பிறகும் உறுத்தினால், எது உறுத்துகிறது என்று பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீளம், மூலை, அதிகப் பளபளப்பு என்றால் வாயில் வைத்தே இழைத்துப் பாலிஷ் செய்யலாம். நிறமோ ஒளி ஊடுருவுவதோ பிரச்சினை என்றால் வாயில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அறுத்து எடுத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் உள்ளே இருக்கும் பல் கொஞ்சம் இழக்கும், ஆகவே ஈறு நன்றாக இருந்து, சிறிய நிற வித்தியாசம் மட்டும் என்றால், அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், இந்த முறை ராவிய பல்லின் நிறப் போட்டோ லேபுக்குப் போகிறதா, டெம்பரரியில் வடிவம் ஒப்புக்கொள்ளப்பட்டதா, ட்ரை-இன்னுக்குத் தனி நாள் ஒதுக்கியிருக்கிறதா என்ற மூன்றையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.